கடைசி பில்லில் மைனஸ் 30,276: ஒரு குட்டி யானை விபத்தின் கணக்கு

வாட்ஸ்அப்பில் வந்த, ஒரு சரக்கு நிறுவனம் தன் ஓட்டுநருக்கு அனுப்பிய எக்ஸெல் தாளின் போட்டோவில்தான் இந்தக் கதை எனக்கு ஆரம்பித்தது. மேலே ஓட்டுநரின் பெயர், அவர் ஓட்டிய குட்டி யானையின் (சின்ன சரக்கு வண்டி) எண். கீழே நான்கைந்து வரிகள். முடித்த டிரிப் 44, டிரிப்புக்கு 400 ரூபாய், மொத்தம் 17,600. டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 176 கழித்து 17,424. வேலைக்குச் சேரும்போது பிடித்த முன்பணம் 10,000. ஆக அவருக்கு வர வேண்டியது 27,424 ரூபாய். அடுத்து சிவப்பு எழுத்தில்: வண்டி சேதம் 48,700, வண்டி ஓடாத 6 நாளுக்குத் தினம் 1,500 வீதம் 9,000. கடைசி வரியில் மைனஸ் 30,276. ‘15 நாளில் செலுத்தவும்’ என்று ஒரு குறிப்பு வேறு.

கை எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது வருகிறது. போனில் பேசியது அவர் மனைவி. “அண்ணா, சம்பளம் எப்ப வரும்னு கேட்டோம். இப்ப நாங்கதான் அவங்களுக்குத் தரணுமாம்.”

நான் வக்கீல் இல்லை. ஓட்டுநர் சங்கம் ஒன்றில் பல வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறவன். இதில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டப் பகுதியில் எதையும் மாற்றவில்லை.

2023 நவம்பர், இரண்டாவது வாரம். செங்குன்றம் பக்கத்துக் குடோனிலிருந்து விடிகாலை நாலரை மணிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய குட்டி யானை. தூறல். சர்வீஸ் ரோடு திரும்பும் இடத்தில் ஒரு டிப்பர் லாரி, பின்விளக்கு இல்லாமல், ஒளிரும் பட்டை இல்லாமல், பாதி ரோட்டை அடைத்து நிற்கிறது. இவர் பிரேக் அடிக்கிறார், வண்டி வழுக்கிப்போய் இடது பக்கம் இடிக்கிறது. பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர், முன் கண்ணாடி எல்லாம் போயிற்று. இடது மணிக்கட்டு உடைந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டி போட்டோ அனுப்பு தம்பி.” இரண்டாவது கேள்வி, “சரக்கு நனையலியே?” அடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை என்பதை அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார். பணத்தைவிட அதுதான் அவருக்கு உறுத்தல்.

ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. எதிரே இருந்த டீக்கடையின் கேமராவில் டிப்பர் முந்தின இரவு ஒரு மணியிலிருந்தே விளக்கில்லாமல் அங்கே நிற்பது பதிவாகியிருந்தது. அவருடைய மச்சான் மூன்றாம் நாளே போய் அதை பென்டிரைவில் வாங்கி வைத்துவிட்டார். இந்த மாதிரி கடைகளில் பதிவு சில நாளில் அழிந்து புதிது ஏறிவிடும். அவர் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். போலீசில் முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் (புகார் வாங்கியதற்கான சீட்டு) கிடைத்தது. அதையும் பத்திரமாக வைத்திருந்தார்.

சரி, நிறுவனம் என்ன சொன்னது? “அவர் எங்க ஸ்டாஃப் இல்ல. கான்ட்ராக்ட். லேபர் சட்டம் எல்லாம் அவருக்குப் பொருந்தாது.” சொன்னதற்கு ஆதாரமும் வைத்திருந்தார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிய சேவை ஒப்பந்தம், ஒவ்வொரு மாதமும் இவர் பெயரில் அவர்களே அடித்துக்கொண்ட பில், வருமான வரிச் சட்டம் 194சி பிரிவில் பிடித்த 1 சதவீத டிடிஎஸ். பிடித்த வரியை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்பதுகூட இவருக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரராக ஆக்கப்பட்ட பலருக்கு அரசாங்கத்தில் கிடக்கும் அந்தச் சில ஆயிரம் அப்படியே போகிறது.

எங்களிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். தொழிலாளி இல்லையென்றால் உரிமையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. தொழிலாளியா ஒப்பந்தக்காரரா என்ற சண்டையில் ஜெயித்தால் நல்லது. தோற்றாலும், ஓட்டி முடித்த டிரிப்புக்கான காசு கடன்தான். கொடுக்க வேண்டிய கடன். வண்டி சேதம் அப்படியில்லை, அது இன்னும் நிரூபிக்காத ஒரு கோரிக்கை. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

முதலில் தொழிலாளி கேள்வி. வண்டி யாருடையது? நிறுவனத்துடையது. டீசல்? நிறுவனத்தின் கார்டு. ரூட்? அவர்கள் அனுப்புவது. ஜிபிஎஸ் ஓடும், டீ குடிக்க இருபது நிமிஷம் நின்றால் போன் வரும். லோகோ போட்ட டி-சர்ட் கட்டாயம். லீவு வேண்டுமென்றால் முந்தின நாள் குரூப்பில் கேட்க வேண்டும். தனக்குப் பதிலாக வேறு ஓட்டுநரை அனுப்ப முடியாது. ஒப்பந்தத்தில் ‘சுயேச்சையான சேவை வழங்குநர்’ என்று எழுதியிருப்பதைத் தவிர சுயேச்சையாக எதுவும் இல்லை.

இந்தக் கேள்வி நம் நாட்டில் புதிதும் இல்லை. கட்ச் சிறிய ரண் பகுதியில் உப்பளத்தில் வேலை செய்த அகரியாக்கள் விஷயத்தில் 1956-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தார்கள். அப்படியிருந்தும், வேலையை எப்படிச் செய்வது என்பதை நிறுவனம் மேற்பார்வை செய்கிறது என்பதால் அவர்கள் தொழிலாளிகள்தான் என்று தாரங்கதாரா கெமிக்கல் வழக்கில் தீர்ப்பு வந்தது. டிரிப்புக் கூலி வாங்குகிறவர் என்பதாலேயே ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல ஆதாரம் தீர்ப்புப் புத்தகத்தில் இல்லை, ஓட்டுநரின் போனில் இருந்தது. சோதனைச் சாவடியில் காட்டுவதற்காக வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். பிரீமியம் கணக்குப் போடும் பெட்டியில், மூன்றாம் நபர் பகுதியில், ஒரு சின்ன வரி: ‘சம்பளம் பெறும் ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு, 1 நபர், 50 ரூபாய்.’ இன்சூரன்ஸ்காரனிடம் அவர் சம்பளக்கார ஓட்டுநர். டிடிஎஸ் பிடிக்கும்போது கான்ட்ராக்டர். கணக்கு முடிக்கும்போது கடன்காரர். அந்த 50 ரூபாய் வரியை நான் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்து, பிறகு தொழிலாளர் துறையில் போட்ட மனுவின் இரண்டாம் பக்கத்தில் ஒட்டினேன். நீதிமன்றத்தில் அது மட்டுமே போதுமா என்றால் போதாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த எச்ஆர் ஆளின் முகம் மாறிய இடம் அதுதான்.

தொழிலாளி என்று ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? அப்போது நடைமுறையில் இருந்தது 1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் மோட்டார் போக்குவரத்து அதில் வரும். மாதச் சம்பளம் 24,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு உண்டு. இவருக்கு எந்த மாதமும் 23,000 தாண்டவில்லை, தப்பித்தோம். அந்தச் சட்டப்படி நிர்வாகம் ஒருவரை நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். சேதத்துக்காகப் பிடிப்பதற்கும் வழி வைத்திருக்கிறது, ஆனால் அந்த வழி குறுகலானது. தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும். சேதம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்க வேண்டும். பிடிக்கிற தொகை உண்மையான நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. இப்படிப் பிடிப்பதெல்லாம் சேர்ந்து பொதுவாக அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதாவது எவ்வளவு வாதம் செய்தாலும் 17,600-ல் 8,800-க்கு மேல் கை வைக்க முடியாது. இவர்கள் முழுவதையும் பிடித்து மேற்கொண்டும் கேட்டார்கள், விளக்கம் என்று ஒரு வரிகூடக் கேட்காமல்.

இப்போது மறுபக்கம். சரி, அவர் ஒப்பந்தக்காரர்தான் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு இந்தப் பாதைதான் சுவாரசியம், ஏனென்றால் இதை யாரும் நடந்து பார்ப்பதில்லை.

1974-ல் உச்ச நீதிமன்றத்தில் ராமன் அயர்ன் ஃபவுண்டரி என்று ஒரு வழக்கு. மத்திய அரசுக்குச் சரக்கு தரும் ஒப்பந்ததாரர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று அரசாங்கம் நஷ்ட ஈடு கேட்டது. கேட்டதோடு நிற்காமல், அவருக்கு வேறு பில்களில் வர வேண்டிய பணத்தையும் நிறுத்தப் பார்த்தது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒப்பந்தத்தை மீறினார் என்று ஒருவர் சொல்வதாலேயே நஷ்ட ஈடு கடனாகிவிடாது. மீறல் நடந்ததா, நஷ்டம் எவ்வளவு என்று நீதிமன்றமோ நடுவரோ முடிவு செய்யும் வரை அது வெறும் கோரிக்கை. 48,700 ரூபாய் என்று எக்ஸெலில் அடித்துவிட்டதால் ஓட்டுநர் கடனாளி ஆகவில்லை. 17,424 ரூபாய் மட்டும் அன்றைக்கே கடன், ஏனென்றால் 44 டிரிப்பும் முடிந்தது, சரக்கு இறங்கியது, டெலிவரி சீட்டில் கையெழுத்து இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். 1983-ல் கமாலுதீன் அன்சாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்தத்திலேயே பணத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு என்று சொல்லி, அந்த ஷரத்துக்கு முந்தைய தீர்ப்பு கொடுத்த வியாக்கியானத்தை மாற்றியது. அதனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் தீர்ப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அடி வாங்குவோம். இவருடைய ஒப்பந்தத்தில் அந்த மாதிரி ஷரத்து இருந்தது. ‘சேவை வழங்குநரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பை நிலுவைத் தொகையில் சரிக்கட்டிக்கொள்ளலாம்’ என்ற பொருளில் பதினோராவது ஷரத்து. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் அதே வரியை மறுபடி படித்தேன். ‘கவனக்குறைவால்’. கவனக்குறைவு என்று யார் சொல்வது? இதற்கு 1987-ல் ஒரு பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் ராமேஸ்வரா ரைஸ் மில்ஸ் வழக்கு. நஷ்டத்தைத் தானே மதிப்பிட்டு வசூலிக்க ஒப்பந்தம் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஆனால் மீறல் நடந்ததா என்பதிலேயே தகராறு இருக்கும்போது, ஒப்பந்தத்தில் ஒரு கட்சிக்காரராக இருப்பவர் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் போய் இடித்தவன் மேல்தான் தப்பு என்பது ரோட்டோர நியாயம். டீக்கடை கேமராப் பதிவு இருக்கும்போது அது தகராறுக்குரிய கேள்வி. தீர்த்துச் சொல்ல வேண்டியது சூப்பர்வைசர் இல்லை.

அந்த தினம் 1,500 ரூபாய்? ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு. தாளில் ஒரு தொகை எழுதி வைத்தாலும், அந்த உச்சவரம்புக்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். அந்த ஆறு நாளும் வேறு வாடகை வண்டி எடுத்தார்களா, எடுத்தால் பில் எங்கே?

டிசம்பர் முதல் வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம். மிரட்டல் எதுவும் இல்லை. மூன்று காகிதம் மட்டும் கேட்டேன்: ஒர்க்ஷாப்பின் இறுதி பில், இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்ம் முடித்த கணக்கு, ஆறு நாளுக்கு எடுத்த மாற்று வண்டியின் வாடகை ரசீது. பதில் வரவில்லை. ஜனவரியில் தொழிலாளர் துறையில் மனு போட்டோம். சட்டப்படி 12 மாதம் அவகாசம் இருந்தது, ஆனால் வீட்டு வாடகைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இரண்டாவது விசாரணையில் அதிகாரி கேட்ட பிறகுதான் காகிதம் வெளியே வந்தது.

வந்ததும் கணக்கு அப்படியே கவிழ்ந்தது. 48,700 என்பது முதல் நாள் போட்ட எஸ்டிமேட். உண்மையான பில் 44,300. அதில் இன்சூரன்ஸ் கொடுத்தது 28,900. அந்தப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டே இவரிடம் முழுத் தொகையையும் கேட்டிருக்கிறார்கள். ஒரே பம்பருக்கு இரண்டு இடத்தில் காசு. மாற்று வண்டிக்கு ரசீது இல்லை, தங்களுடைய ஸ்பேர் வண்டியையே ஓட்டியிருக்கிறார்கள்.

மிச்சம் 15,400. அதையும் பிரித்துப் பார்த்தோம். 11,200 ரூபாய் பம்பர், ஹெட்லைட், பெயின்ட். சரக்கு வண்டிப் பாலிசியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வண்டி முழுசாகவே போனால் ஒழிய, பம்பர், விளக்கு, மட்கார்டு, டயர், பெயின்ட் போன்றவற்றுக்குச் சாதாரணமாக இழப்பீடு கிடையாது. அதற்கு ஐஎம்டி 23 என்று தனியாக ஒரு சேர்க்கை எடுக்க வேண்டும், பிரீமியம் கொஞ்சம் கூடும். முன்னால் போய் மோதும் வண்டியில் முதலில் போவதே இந்தச் சாமான்கள்தான்! அந்தச் சேர்க்கையை நிறுவனம் எடுக்கவில்லை. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது அவர்கள், பம்பருக்குக் காசு கட்ட வேண்டியவர் ஓட்டுநர். மீதி 4,200 பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு 50 சதவீதத் தேய்மானம், அப்புறம் பாலிசியில் கட்டாயமாகக் கழிக்கிற தொகை.

2024 ஏப்ரலில் சமரசம் ஆயிற்று. 11,200-ஐ அவர்களே விட்டுவிட்டார்கள். 4,200-ல் பாதி, 2,100 ரூபாயைக் கழித்துக்கொண்டு 25,324 கொடுத்தார்கள், இரண்டு தவணையாக. அந்த 2,100-ஐயும் விட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். கவனக்குறைவே நிரூபணமாகாதபோது பாதி எதற்கு? நான் சொன்னதற்கு அவர், “விடுங்கண்ணே, பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்” என்றார். சமரசம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. யாரால் கொஞ்ச நாள் காத்திருக்க முடியுமோ அவர் பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

மணிக்கட்டு விஷயம் தனி வழக்கு. டிப்பரின் இன்சூரன்ஸ் மேல் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம், அது நடக்கிறது. அங்கே தொழிலாளியா இல்லையா என்ற கேள்வி சில சமயம் தலைகீழாகத் திரும்பும். குஜராத்தில் நவ்சாரியில் ஒரு கண் மருத்துவமனை டாக்டர், மருத்துவமனையின் மினி பஸ்ஸில் போகும்போது விபத்தில் இறந்தார். அவர் ஊழியர், அதனால் எங்கள் பொறுப்பு குறைவு என்று வாதாடியது இன்சூரன்ஸ் கம்பெனி. 2020-ல் உச்ச நீதிமன்றம் அவர் ஊழியர் இல்லை, சுயமாகச் சேவை தருபவர் என்று சொன்னது. குடும்பத்துக்கு முழு இழப்பீடு கிடைத்தது. அதனால் முதல் மனுவிலேயே ‘நான் தொழிலாளிதான்’ என்று அவசரப்பட்டு எழுதுவதற்கு முன்னால், எந்த மனு, யார் மேல் என்று ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்வேன். இவர் விஷயத்தில் மனு அடுத்தவன் வண்டியின் இன்சூரன்ஸ் மேல் என்பதால் சிக்கல் வரவில்லை.

சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பில் தொகை வர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி கேட்கலாம். பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சம்பளச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 24,000 வரம்பு போயிற்று. தானாக ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளில் பாக்கி வர வேண்டும். மனுப் போட மூன்று வருட அவகாசம். சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை முதலாளி மேல். விளக்கம் கேட்காமல் சேதத்துக்குப் பிடிக்கக் கூடாது என்பது அதிலும் இருக்கிறது. தொழிலாளியா என்ற கேள்வி மட்டும் அப்படியே வாசலில் நிற்கிறது.

போன மாதம் வேறொரு தம்பி, அதே நிறுவனத்தில் புதிதாகச் சேரப் போகிறவர், ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். இப்போது தமிழிலும் அடித்துத் தருகிறார்கள், அதற்கு நன்றி. பதினோராவது ஷரத்து நீண்டுவிட்டது. ‘கவனக்குறைவு உண்டா இல்லையா என்பதையும் இழப்பின் அளவையும் நிறுவனமே முடிவு செய்யும், அது இறுதியானது’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பென்சிலால் அதை வட்டம் போட்டு, பக்கத்தில் ‘1987’ என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே வண்டியின் பாலிசியையும் கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கையெழுத்துப் போட்டாரா என்று இன்னும் தெரியவில்லை.